அரிக்கமேட்டில் கயிற்றைப் பிடித்தவன்

நம்பாதவர்கள் தேங்காய்த்திட்டுக்குப் போய் முத்துவேலையே கேட்கலாம். ஆள் இன்னும் இருக்கிறார். பனிக்காலத்தில் மட்டும் கடலுக்குப் போவதில்லை.

2006 மார்கழி, விடியற்காலை. முத்துவேலும் அவர் மனைவி ஆதிலட்சுமியின் தம்பி பாவாடையும் மீனோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாவாடைக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரை நெருங்கும்போது பனி மூடிவிட்டது. முகத்துவாரத்தில் மணல்திட்டு. தப்பாக விட்டால் படகு கவிழும். அந்த நேரத்தில் முன்னால் ஒரு விளக்கு தெரிந்தது... மஞ்சளாக, தண்ணீரை ஒட்டி. நம் ஆள்தான் எவனோ உள்ளே போகிறான் என்று முத்துவேல் அதன் பின்னாலேயே விட்டார்.

திட்டில் இடிக்காமல் ஆற்றுக்குள் வந்தாயிற்று. ஆனால் மீன்பிடித் துறைமுகத்து லைட் ஒன்றையும் காணோம். ஏலச் சத்தமும் இல்லை. விளக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. துடுப்புச் சத்தமும் இல்லை.

“மாமா... என்னா வாடை இது?”

புளித்த திராட்சை வாடை.

முத்துவேல் இன்ஜினை நிறுத்தினார். அப்போதுதான் கேட்டது. ஜாடிகள் உருளும் கடமுடா. பலகை மேல் ஓடும் காலடிகள். கூட்டமாகப் பேச்சு... ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

இடம் எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆறு வளைகிற அரிக்கமேடு. புதுச்சேரி என்ற ஊர் வருவதற்கு முன்பே, ரோமாபுரியிலிருந்து ஜாடி ஜாடியாகத் திராட்சை மது வந்து இறங்கிய துறை. ஆறு தூர்ந்து, துறை மண்ணுக்குள் போய் எத்தனையோ நூறு வருஷம் ஆகிறது.

“கரை வந்துடுச்சு மாமா. கயிறு கேக்குறாரு.”

“யாருடா?”

அதற்குள் பாவாடை நீலக் கயிற்றை வீசிவிட்டான். அது தண்ணீரில் விழவில்லை. யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

கயிறு விறைத்தது. மறுமுனை அவன் கையில் சுற்றியிருந்தது. சிரித்தபடி விளிம்பில் கால் வைத்தான்.

எதிரே கரை இல்லை.

கறுப்புத் தண்ணீர்தான்.

“எறங்காதடா!”

முத்துவேல் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது...

கத்தியை எடுத்தார். கயிற்றை அறுத்தார்.

எல்லாச் சத்தமும் நின்றது.

மூன்றாம் நாள் பாவாடை அக்காவிடம் கேட்டான்: “எல்லாரும் எறங்கிட்டாங்க. என்னை மட்டும் மாமா ஏன்க்கா விடல?”

அடுத்த கோடையில் அரிக்கமேட்டு ஆற்றில் தூர்வாரினார்கள். ஆள் உயரக் களிமண்ணுக்கு அடியில் ஒரு மரத்தூண் நின்றது. அந்தக் காலத்தில் படகு கட்டிய தூண். அதில் முத்துவேலின் நீலக் கயிறு, இறுக முடிச்சுப் போட்டபடி. மேலே இருந்த களிமண்ணை அதுவரை யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

நீலக் கயிற்றுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. சிவப்புக் கயிறு. சேதி கேட்டு, குருசுக்குப்பத்திலிருந்து தில்லையம்மாள் ஓடிவந்தாள். அவள் புருஷன் பக்கிரி, முத்துவேல் போய் மாட்டியதற்கு முந்தைய வருஷப் பனியில் படகோடு காணாமல் போனவன்.

சிவப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து அழுதாள். பிறகு நீலக் கயிற்றையும் தொட்டாள். அழுகை நின்றுவிட்டது.

“ரெண்டுமே எங்க வூட்டுக்காரரு போடுற முடிச்சு.”