காற்றுக்கு எதிர்முனையிலிருந்து

பொன்னுத்துரை அண்ணன் பந்து வீச ஓடி வரும்போது காலடிச் சத்தமே கேட்காது. பதினோரு வருடம் அவர் பந்துக்கு ஸ்லிப்பில் நின்றவன் நான். எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற வேகப்பந்து வீச்சாளர்கள் தரையை உதைத்துக்கொண்டு வருவார்கள். இவர் தூக்கத்தில் நடப்பவர்போல வருவார். பந்து கையை விட்டுப் போன பிறகுதான் ஏதோ நடந்துவிட்டது என்று மட்டையாளருக்குப் புரியும். பெரும்பாலும் மட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு என்னிடம் வரும். நான் பாதியை நழுவவிடுவேன்.

"பரவால்ல செல்வம், கை நோவுதா?" என்பார். அவ்வளவுதான் அவர் கோபம்.

இருவருக்கும் பர்மாவில் இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை. அவர் ஃபிட்டர், நான் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஞாயிறு காலை, நகரத்தைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் மைதானத்துக்குப் போவோம். கீரைக் கட்டுகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே, விரல்களுக்குள் பந்தை உருட்டியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

"என்ன அண்ணே பாக்குறீங்க?"

"ஒரு பந்து பாக்குறேன்."

"எந்தப் பந்து?"

"இன்னும் போடல."

எங்கள் அணித் தலைவர் அப்துல் பாரி, நகரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் புதுப் பந்தும் காற்று சாதகமாக வீசும் முனையும் எப்போதும் அவருடைய மைத்துனருக்குத்தான். ஆற்றுக் காற்று நெஞ்சில் மோதும் முனை பொன்னுத்துரை அண்ணனுக்கு.

"யாராச்சும் ஒருத்தர் அங்கேருந்து போடணும்ல துரை" என்பார் பாரி பாய்.

"ஆமா பாய்" என்று இவரும் பந்தை வாங்கிக்கொள்வார். காற்றுக்குள் ஓடுவது தண்ணீருக்குள் ஓடுவதுபோல இருக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

2018 பருவத்தில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பருவத்தில் அதிக விக்கெட் எடுப்பவர்களுக்கு, ஜூன் மாதம் கோலாலம்பூர் போகும் நாட்டின் அணியில் இடம் உண்டு என்றார்கள். அண்ணனுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவர் காலணிக்குப் புது ஆணி அடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். அந்த வருடம் அவர் வீசியதுபோல நான் பார்த்ததே இல்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்து, கடைசி நேரத்தில் எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி உள்ளே வரும்.

ஏப்ரல் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். முதலிடத்தில் பதினேழு விக்கெட் எடுத்த ஒருவர். பொன்னுத்துரை, பதின்மூன்று. தேர்வான பதினான்கு பேரில் அவர் இல்லை.

"என் பேரும் இருக்கும்னு நினைச்சேன்" என்றார் ரயிலில். எத்தனை விக்கெட் எடுத்தார் என்று அவர் எண்ணியதே கிடையாது. பந்துகள்தான் ஒவ்வொன்றாக நினைவிருக்கும். எனக்கும் கணக்கு வைக்கும் பழக்கமில்லை.

ஜூன் மாதம். மழை பிடித்துக்கொண்டு பெய்த ஒரு மதியம், பட்டறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய இரண்டு பெரிய நோட்டுகளை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவள் ரேவதி. நகரத்தின் தின்கன்ஜூன் பகுதியில் டியூஷன் எடுப்பவள். எங்கள் ஆட்டங்களில் பாதிக்கு அவள்தான் ஸ்கோர் எழுதுவாள். மீதிப் பாதிக்கு ஒரு பர்மியப் பெரியவர்.

"வின் நாயிங்னு இங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"நாந்தான்" என்றார் அண்ணன்.

"அப்ப பொன்னுத்துரை?"

"அதுவும் நாந்தாம்மா."

அவள் அப்படியே வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் மழைத் தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை.

எங்களில் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். அந்தப் பெரியவர் அட்டையைப் பார்த்து எழுதினார். ரேவதி எல்லைக்கோட்டுக்கு அப்பால் மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாமல், நாங்கள் கத்திக் கூப்பிடுவதைக் கேட்டு எழுதினாள். பட்டியல் போட்டவர்களுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்.

"நோட்டுங்களத் திருப்பிக் குடுக்குறதுக்கு முன்ன சும்மா பாத்தேன். இந்த ரெண்டு பேரும் ஒரு மேட்ச்சுல கூட சேந்து ஆடல. ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் இல்ல. அப்பதான்..."

"மொத்தம் எத்தனைம்மா?" என்றேன் நான்.

"இருபத்தஞ்சு."

அண்ணன் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ்வளவா?" என்றார், வேறு யாரையோ பற்றிக் கேள்விப்பட்டதுபோல.

அணி அதற்கு நான்கு நாள் முன்பே விமானம் ஏறியிருந்தது. பாரி பாய் கேட்டதும் கடையை மூடிவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வருத்தம் தெரிவித்தார்கள். அண்ணன் மட்டும் போகவில்லை. அன்று மாலை பட்டறைச் சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டு, இருட்டும்வரை பந்து வீசினார். நான் பொறுக்கிக் கொடுத்தேன். கடைசியில் பந்தை என் கையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் அழணும்போல இருக்கு செல்வம், நீ முன்னால போ" என்றார். நான் போனேன்.

ரேவதி மறுவாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். முதலில் மன்னிப்புக் கேட்க, பிறகு அந்த இருபத்தைந்து பந்துகளையும் கேட்க. ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது, எப்படித் திரும்பியது என்று அவர் சொல்வார். அவள் நோட்டில் அந்த ஓவரைத் தேடி விரலை வைத்துக்கொண்டு கேட்பாள். மழைக்காலம் முழுவதும் டீக்கடையில் அது நடந்தது. 2019 தையில் கல்யாணம். பாரி பாய்தான் பிரியாணி.

2020-இல் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். உண்மை. அணியின் கோட்டுக்கு அளவுகூட எடுத்தார்கள். பிறகு கொரோனா வந்து விமானங்கள் நின்றன. அதற்கடுத்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, எல்லாமே நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாரி பாயின் மைத்துனரும் போனார். தையல்காரரிடம் கோட்டு என்ன ஆனதென்று அண்ணன் விசாரிக்கவே இல்லை.

இப்போது அறுவடை முடிந்ததும் நகரத்துக்கு வெளியே மாவ்பியில் ஒரு வயலில், பிட்ச்சுக்குப் பதில் பாய் விரித்து ஆடுகிறோம். சில நாள் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து பேர்தான். அண்ணனுக்கு நாற்பத்து மூன்று வயது கடந்துவிட்டது, வேகம் குறைந்துவிட்டது. எந்த முனை வேண்டும் என்று பாரி பாய் இப்போது அவரைத்தான் முதலில் கேட்கிறார்.

போன ஜனவரியில் ஒரு காலை, டாஸ் போட்ட பிறகு பனி இறங்கிவிட்டது. ஸ்டம்ப் தெரியவில்லை. சும்மா அடித்துப் பார்த்த பந்து ஒன்று அந்த வெள்ளைப் பனிக்குள் போய்த் தொலைந்தது. வெயில் வரட்டும் என்று எல்லோரும் வைக்கோல்மேல் படுத்துவிட்டோம். ரேவதி சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். பக்கத்தில் எங்கோ ஒரு மாடு புல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

"கோலாலம்பூர் போயிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

அவர் ஒரு வைக்கோலை விரலில் சுற்றி அவிழ்த்தார்.

"போயிருந்தா அந்த மழையில அவ வந்திருக்கமாட்டால்ல" என்றார்.

ரேவதி காதில் விழாததுபோல இன்னொரு ஆரஞ்சை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வயலின் மறுகோடியில் ஒரு பனைமரம் தெரிந்தது, பிறகு இன்னொன்று. அண்ணன் எழுந்து முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, தோளைச் சுழற்றிக்கொண்டு நடந்தார்.