முந்தல் சந்தையில் உருளி வாங்கிய விதம்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் ஏறக்குறைய ஐம்பத்தாறு மைல். மாட்டு வண்டியில் போனால் இடுப்பு கழன்றுவிடும். அதையும் பொறுத்துக்கொண்டு மாசி மாதத்தில் நானும் என் மனைவி சிவகாமியும் கிளம்பினோம். ஆனியில் மகளுக்குக் கல்யாணம். சீருக்கு ஒரு பெரிய வெண்கல உருளி வேண்டும். புதுச் சாமானில் கண்ட கண்ட உலோகத்தைக் கலந்து ஏமாற்றுகிறார்கள். ஏலக்காய்ப் பறிப்பு முடிந்ததும் போடிக்கு மேற்கே முந்தலில் பழஞ்சாமான் சந்தை கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று வழிநெடுக நான் சிவகாமிக்குப் பாடம் நடத்தினேன். பிடித்த பொருளைப் பார்த்துப் பல்லை இளிக்கக் கூடாது. ஜரிகைச் சேலை கட்டிக்கொண்டு போகக் கூடாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். வழியில் திருட்டுப் பயம் என்று பணப்பையை அவள் இடுப்பில்தான் செருகச் சொல்லியிருந்தேன்.

போடிச் சத்திரத்தில் தங்கி, விடியற்காலை முந்தலுக்கு வண்டி விட்டோம். மலைப்பாதை இறங்கும் இடத்தில் பெரிய புளியந்தோப்பு. பொதிக்கழுதைகள் ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தன. தோப்பு முழுக்க அந்த வாசனைதான். மரத்தடிகளில் அடேயப்பா, என்னென்ன சாமான்! துரைமார் பங்களாக்களிலிருந்து வந்த சுவர்க்கடிகாரங்கள், மலையாள நாட்டுத் தூக்குவிளக்குகள், பித்தளைப் பூண் போட்ட பெட்டிகள். தோப்பின் கடைசியில் மாடுகளும் விற்பனைக்கு நின்றன.

இங்கே வரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒட்டுப் போட்டிருந்தால் அங்கேதான் தெரியும். விரலால் சுண்டினால் நல்ல வெண்கலம் மணிபோல் நின்று ஒலிக்கும். கடிகாரம் ஓடுகிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன், தோப்பைத் தாண்டவில்லை, நின்றுவிட்டது.

விலையை இங்கே வாயால் பேசுவதில்லை. ஏலக்காய்த் தரகர்களின் வழக்கம் பழஞ்சாமானுக்கும் வந்துவிட்டது. கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்தே விலை சொல்கிறார்கள். பிடித்த விலை அந்த இருவருக்கு மட்டுந்தான் தெரியும். அடுத்தவன் கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு. இதையும் சிவகாமிக்குச் சொல்லி வைத்தேன்.

நாங்கள் தேடிய உருளி ஒரு பெண்ணிடம் இருந்தது. ராசிங்காபுரத்துக்காரி, பெயர் பேச்சி. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த புருஷன் மழைக்காலத்தில் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். அவன் வாங்கி வைத்த உருளி அது. பொது இடத்தில் பெண்பிள்ளையின் கையை எந்தத் தரகர் பிடிப்பார்? ஆகவே அந்தத் தோப்பிலேயே அவள் ஒருத்திதான் விலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது ரூபாய் என்று ஆரம்பித்தாளாம். ஒருவர் கேட்டதைக் காதில் வாங்கி அடுத்தவர் குறைத்துக் கேட்க, நாங்கள் போனபோது இருபதுக்கு வந்திருந்தது.

"சட்டுன்னு சொல்லு ஆத்தா. எனக்குச் சோலி கெடக்கு" என்றார் ஒரு தரகர். "பதினெட்டுன்னா இப்பவே தூக்கிக்கிறேன்."

"அண்ணே, அந்தா நிக்கிதுல்ல செவலப் பசு, அதக் கையில பிடிச்சாத்தான் எம்புள்ளைகளுக்குக் கஞ்சி. முப்பது இல்லாம மாட்டுக்காரரு கயித்தக் குடுக்க மாட்டேங்குறாரு. பொழுது சாஞ்சா அவரு ஊரு தேவாரத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவாரு" என்றாள் பேச்சி.

நான் உருளியைச் சுண்டிப் பார்த்தேன். அருமையான ஒலி. எடைக்குப் பார்த்தால் இருபத்திரண்டு தாராளம். சிவகாமியின் காதருகே குனிந்தேன். "சும்மா இரு. வெயில் ஏற ஏற வெல எறங்கும். பதினாறுக்கு முடிச்சுக் காட்டுறேன் பாரு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பேச்சியின் எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முந்தானையை விரித்தாள். "கையக் கொண்டா ஆத்தா" என்றாள்.

"பொம்பளைகளுக்கு எதுக்குத் துணி யாவாரம்?" என்று தரகர் சிரித்தார்.

"ஏண்ணே, எங்களுக்கு வெரல் இல்லையா?"

சுற்றி நின்ற தோட்டத்துப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முந்தானைக்குள் இரண்டு கைகள் அசைந்தன. பேச்சி முதலில் நம்பாதவள்போல் சிவகாமியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கண் கலங்கி, உள்ளே பிடித்த கையை விடாமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வெலைக்கு முடிஞ்சது சாமி?" என்று தரகர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். வழக்கத்தை அவரே மீறுகிறார் பாருங்கள்! எனக்கும் தெரியாது என்று சொல்ல வெட்கமாயிருந்ததால் மீசையைத் தடவிக்கொண்டேன்.

வண்டிக்கார ஒச்சுவும் நானும் உருளியைத் தூக்கி வைத்ததும் போடிக்குத் திரும்பினோம். மதுரைப் பாத்திரக்கடைத் தெருவில் விலையை ஊரே கேட்கக் கூவுவார்கள். நானும் கூடக் கூவி, நாலணா குறைத்துவிட்டுப் பத்து நாள் அதையே பெருமை பேசுவேன். இங்கே என் உருளியின் விலை எனக்கே தெரியவில்லை. வண்டி ரோட்டில் ஏறியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எம்புட்டுத்தான் குடுத்த?"

"துணிக்குள்ள பேசினத வெளிய கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள் சிவகாமி. "முன்னால போறது யாருன்னு மட்டும் பாருங்க."

வண்டியின் நுகத்தடிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நடு ரோட்டில் பேச்சி போய்க்கொண்டிருந்தாள். அவள் கையில் கயிறு, கயிற்றின் நுனியில் செவலைப் பசு. எனக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன்; வரவில்லை. ஒச்சு வழிவிடச் சொல்லிச் சத்தம் போட வாயெடுத்தார். நான் அவர் தோளைத் தொட்டேன்.

"பின்னாலயே மெல்லப் போ அப்பு. மாடு மெரண்டுறப் போகுது."