பால் டீ நிறத்தில் ஆயில்

காட்டுப்பள்ளி துறைமுகச் சாலையில் முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள். நடுவில் என் பழைய அம்பாசிடர். சூடு ஏறியதும் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு ரேடியேட்டரைத் திறந்தேன். காலையில் நிரப்பிய தண்ணீரில் பாதியைக் காணோம். கீழேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சந்தேகத்தில் இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். கறுத்திருக்க வேண்டிய ஆயில் பால் டீ மாதிரி வெளுத்திருந்தது.

பின்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி வந்தார். “இன்னா சார், வண்டிக்குள்ள டீக்கடை வெச்சினுகீறியா? ஸ்டார்ட் பண்ணு, லைன் போவுது!”

ஆயிலில் தண்ணீர் கலந்ததை நம்ப மனமில்லாமல் நான், “மழை ஈரமா இருக்கும்ணா” என்றேன்.

அவர் ஒரு சொட்டைத் தன் லாரியின் கொதிக்கும் சைலன்சரில் விட்டார். படபடவென்று பொரிந்தது. “தண்ணி பூந்துக்கிச்சி சார். தண்ணியும் ஆயிலும் சேராம தடுக்குற கேஸ்கெட் போச்சு. ஸ்டார்ட் பண்ணா பேரிங் காலி. சாவியத் தொடாத.”

திரும்பவும் வழியில்லை, ஒதுங்கவும் இடமில்லை. வரிசை நகரும்போதெல்லாம் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கதவோரம் தள்ள, அவர் பின்னால் தள்ளிவிட்டு ஓடிப்போய்த் தன் லாரியை நகர்த்தினார். இப்படியே துறைமுக வாசல் வந்துவிட்டது.

“பாஸ் இருக்குதா?” என்றார் காவலாளி.

“உள்ள போவ வரலண்ணா, மாட்டிக்கினேன்.”

சிரித்துக்கொண்டே வெளியேறும் வழியைத் திறந்துவிட்டார். வண்டியைக் கட்டி இழுத்துப்போய்க் கேஸ்கெட் மாற்றியதோடு போயிற்று, பேரிங் பிழைத்தது. இன்றும் குச்சியை உருவும்போதெல்லாம் டீக்கடை திறந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.