அசையாத ஸ்டியரிங்

சோதனைக் கூடத்தில் அவரைச் 'சிலை' என்றுதான் கூப்பிடுவார்கள். புது டீசல் கார்களை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே சக்கரங்களை ஓடவிட்டுப் புகையை அளப்பது அவர் வேலை. சோதனை ஓடும் இருபது நிமிடமும் அவர் கையில் ஸ்டியரிங் இம்மி அசையாது. பதினான்கு வருடத்தில் ஒரு கம்பெனியின் வண்டி மட்டும் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அந்த நம்பிக்கையில் மச்சினனையும் ஒன்று வாங்க வைத்தார்.

ஒருநாள் அந்தக் கம்பெனியின் குட்டு உடைந்தது. சக்கரம் ஓடியும் ஸ்டியரிங் திரும்பாவிட்டால், இது சோதனை என்று காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளுமாம். அப்போது மட்டும் வண்டி புகையை அடக்கி வாசிக்கும். தெருவில் இறங்கியதும் கண்டபடி கக்கும். படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த அயோக்கியத்தனம்.

மச்சினன் வண்டியோடு வந்து நின்றான்.

"ஒரு தடவையாவது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாத்தீங்களா மாமா?"

"திருப்பக் கூடாதுன்னு விதியிலயே இருக்குப்பா."

"அதான் உங்ககிட்ட மட்டும் யோக்கியமா இருந்திருக்கு!"

மறுநாள் அவர் அதே வண்டியை உருளையில் ஏற்றினார். புகையை அளக்கும் கருவியின் முள் வழக்கம்போல் சாதுவாகக் கிடந்தது. ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பினார்.

முள் எகிறிக் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது.