டாக்டரம்மா பூட்டிய கால்

டாக்டர் கோமதி போய்விட்டார் என்ற செய்தி தாராவிக்கு வந்தபோது எனக்குப் பாதிக் கன்னம்தான் சவரமாகியிருந்தது. மீதிக் கன்னத்துச் சோப்போடு மாதுங்காவில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். வழியில் யாரும் சிரிக்கவில்லை. அதிலிருந்தே செய்தி உண்மை என்று புரிந்துபோயிற்று.

ஆறாத புண்ணென்றால் அவரிடம் போக வேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுடலைமுத்துவின் காலை அவர் மீட்ட கதையை மட்டும், கூட இருந்து வேடிக்கை பார்த்தவன் என்ற தகுதியில் நான் சொல்லியாக வேண்டும்.

சீனச் சண்டை நடந்த வருஷம். என் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து தோல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவன். கணுக்காலுக்கு மேலே வந்த புண் ஆறவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில், இனியும் ஆறாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா மருந்து வைத்துக் கட்டினார். அதற்கும் புண் மசியவில்லை.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்தார். உள்ளே ஊர்க்காரர்கள் கூட்டம். நலம் விசாரிக்க வந்தவருக்குப் புண்ணைக் காட்டாமல் அனுப்புவது மரியாதையில்லை என்று, சுடலைமுத்து ஆளுக்கொரு தடவை கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“மஞ்சளை அரைச்சி அப்புலே,” என்றார் ஒருவர்.

“சுண்ணாம்பு வச்சிப் பாத்தியாடே?” என்று குனிந்தவன் அடியேன்.

“இது காலா, கண்காட்சியா?” என்றது வாசலில் டாக்டரம்மாவின் குரல்.

“அம்புட்டுத் தூரம் டோம்பிவிலியில இருந்து ரயிலேறி வந்திருக்காவம்மா. காட்டாம அனுப்புனா என்ன நெனைப்பாவ?”

“நீ ஒத்தைக் காலோட நின்னா என்ன நினைப்பாங்களாம்?”

மறுநாள் புண்ணைச் சுத்தம் செய்து, அதன் மேலேயே முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டார். “இதைத் திறக்க என்கிட்ட இருக்கிற ரம்பம்தான் வேணும். நாத்தம் வரும், பயப்படாதே. காய்ச்சல் வந்தா மட்டும் ஓடி வா.”

நாற்றமா அது! தோல் கம்பெனியில் பழகிய மூக்குகளே தோற்றன. விசாரிக்க வந்தவர்கள் தெருமுனையிலிருந்தே “சொகமாடே?” என்று கத்திவிட்டு நழுவினார்கள். நானும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நட்புப் பாராட்டினேன்.

சில வாரம் கழித்துக் கட்டை அறுத்த அன்று அவருடைய டிஸ்பென்சரி வாசலில் கூட்டம், மூக்கில் கைக்குட்டையோடு. கழுவித் துடைத்ததும் புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல்! சுடலைமுத்து அழுதான். “இப்போ காட்டுடா, ஊர் பூரா காட்டு!” என்றார் டாக்டரம்மா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாராவியைச் சுற்றி வந்தான் பாருங்கள், தேர்தலில் ஜெயித்தவன்கூட அப்படி வந்ததில்லை.

இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்கப் போனால் முகத்தை மட்டும் பார்க்கிறேன். வாய்வரை வரும் வைத்தியத்தை விழுங்கிவிடுகிறேன். டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது அதுதான்.

கடைசி ஊர்வலத்தில் சுடலைமுத்துவும் தோள் கொடுத்தான். பாதி வழியில் மாற்றிக்கொள்ள நான் போனேன்.

“தள்ளுங்க அண்ணாச்சி. இந்தக் காலு அவிய தந்தது. கடைசி வரைக்கும் அதுதான் நடக்கும்.”