கொப்பரைக் களத்தின் மேல் நெளிந்த காற்று

மூன்று வருடங்களுக்கு முந்தைய மாசி மாதம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். காற்று எப்போது அலைபாயும், எப்போது அடங்கும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் வேலை. நட்சத்திரம் கண் சிமிட்டுவதே அந்த அலைச்சலால்தான். தொலைநோக்கியில் வானத்தைப் பார்ப்பவர்களுக்கும், லேசர் ஒளியில் தகவல் அனுப்புபவர்களுக்கும் இந்தக் கணிப்பு தேவை.

கல்லூரியின் முதல் மாடியிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த விடுதி மாடிக்கு லேசரில் படம் அனுப்பிக் காட்ட வேண்டும். நிதி தருபவர்கள் மறுநாள் மூன்று மணிக்கு வருகிறார்கள். சொதப்பினால் திட்டத்துக்கு மூடுவிழா. எனக்கும், லேசரைத் திருகி நேராகக் குறிவைக்கும் டெக்னீஷியனுக்கும் வேலை போய்விடும். மூன்று மணிக்குக் காற்று அடங்கியிருக்கும் என்றது என் கணிப்பு. முந்தின நாள் அதே மூன்று மணிக்கு நடந்த ஒத்திகையிலோ இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. "மூணு நாளா என்னத்தைங்க முடுக்குனீங்க?" என்று டெக்னீஷியன் மேல் பாய்ந்தேன். அவர் மறுபடியும் திருகாணிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

கடுப்போடு லேசர் போகும் வழியே நடந்தேன். நடுவில் கொப்பரைக் களம். தேங்காய்ப் பருப்பு காயும் சிமென்ட் தரை தோசைக்கல்லாய்க் கொதித்தது. பருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண், "ஏனுங்க அம்மணி, என்ன தேடறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"இந்நேரத்துக்கு களத்துக்கு அந்தப்பக்கம் வர்ற பஸ் போர்டையே படிக்க முடியாதுங்க. எழுத்தெல்லாம் நெளியும். நான் ஊட்டுக்குப் போற அஞ்சரை பஸ்ஸு மட்டும் பளிச்சுனு தெரியுமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் அளவெடுத்ததெல்லாம் தண்ணீர் பாய்ச்சிய கல்லூரிப் புல்வெளியில். லேசர் போனதோ இந்தக் கொதிக்கும் களத்தின் மேல்! தரைச் சூடு தணியும்வரை இங்கே காற்று அடங்காது. அன்று ஐந்தரைக்குப் போட்டுப் பார்த்தோம். இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.

மறுநாள் வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. மூன்று மணிக்கு அறுவதையும் காட்டினேன், ஐந்தரைக்கு நிற்பதையும் காட்டினேன். அவர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. திட்டம் பிழைத்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி.

அவர்கள் கிளம்பியதும் டெக்னீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க மேடம். நானுமே என் கைவேலைதான் சரியில்லையோன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார், வெள்ளந்தியாக.

என் கணிப்பை நான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகிக்காததால், இருபது வருடம் பழகிய தன் கையையே ஒரு நல்ல மனிதர் சந்தேகித்துவிட்டாரே என்பது, இன்றும் யாரையாவது கடிந்துகொள்ள வாயெடுக்கும்போது என்னை நிறுத்திவிடுகிறது.