கேப்டன் சாப்பிட்டாச்சுங்களா?

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் பயணம் விற்பது என் பிழைப்பு. பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் என் அலுவலகம். தேங்காய் பன் வாசனைக்கு நடுவில், கொச்சியில் நிற்கும் ஒரு வெள்ளைச் சொகுசுப் படகின் படங்களைக் காட்டி ஆள் சேர்ப்பேன். விடியும் முன் பஸ் ஏறினால் வாளையார் தாண்டி டிபன். முற்பகலில் படகு. துறைமுகத்தைக் கடந்து கடலுக்குள் போய், தென்னை தெரியும் தூரத்திலேயே கரையோரமாக ஒரு சுற்று. நடுவில் விருந்து. பொழுது சாயும்போது திரும்பிவிடலாம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். உறவினர் கல்யாணத்துக்கு ஒரு பஸ் ஜனத்தை ஏற்றி இறக்கும் பொறுப்பை ஒருமுறையாவது தலையில் போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் என் கஷ்டம் புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர். வேலையை விட்டுவிட்டு நான் இதில் இறங்கியபோது, ஒரு சீசன் செய்து பார், சரிப்படாவிட்டால் பழையபடி வேலைக்குப் போய்க்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். நியாயமான பேச்சுதான். ஆனால் சரிப்படுமா இல்லையா என்பது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. படகின் கேப்டன் ஜோஸ் கையில் இருந்தது. எந்த ஊர்க் கூட்டத்தை ஏற்றுவது, எதை வேண்டாம் என்று சொல்வது என்பதையெல்லாம் படகு முதலாளி அவரிடமே விட்டிருந்தார். ஜோஸுக்கு மூன்று சட்டங்கள். செருப்போடு ஏறக்கூடாது. வெளிச்சாப்பாடு கூடாது. அவர் ஸ்டியரிங் பிடிக்கும் அறைக்குள் யாரும் வரக்கூடாது. கோபம் வந்தால் திட்டமாட்டார். தொப்பியைக் கழற்றி, ஒரு தட்டு தட்டி, மறுபடி மாட்டிக்கொள்வார். முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இந்த சீசன் நோக்காம் மேடம். பின்னே பறயாம்." இந்த சீசனைப் பார்ப்போம், அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம்.

ஒற்றைச் செருப்பு

முதல் கூட்டம் அவிநாசிப் பக்கத்து நூல் வியாபாரிகள், குடும்பத்தோடு. படித்துறையில் பெரிய பெரிய பிரம்புக் கூடைகளும் காவலுக்கு ஒரு ஆளும் வைத்திருந்தார்கள். செருப்பை அதில் விட்டுவிட்டு ஏற வேண்டும் என்று பஸ்ஸிலேயே மைக் பிடித்துச் சொல்லியிருந்தேன். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. வரிசையாக வந்து சமர்த்தாக விட்டுவிட்டு ஏறினார்கள். நம் ஜனத்தின் ஒழுக்கத்தை நினைத்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. கோயிலுக்குப் போகிற பழக்கத்தில், ஆளாளுக்கு ஒரு செருப்பை இந்தக் கூடையிலும் இன்னொன்றைக் கடைசிக் கூடையிலும் போட்டிருக்கிறார்கள். ஒரே கடையில் மொத்தமாக வாங்கினது போல பாதிப்பேர் செருப்பு ஒரே மாதிரி. படித்துறை முழுக்கச் செருப்பைப் பரப்பி, ஒவ்வொருவராகக் காலை நுழைத்துப் பார்க்க, அடுத்த படகுக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் இதையும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். கேப்டன் தொப்பியைத் தட்டினார். காவலுக்குத்தான் ஆள் நிற்கிறாரே, அப்புறம் எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார்.

"காவலுக்கு நிக்கறவருக்கும் காலு இருக்குதுங்களே அம்மணி."

ஒருக்காக் கேட்டால் போதுமா?

அனூப் என்கிற பரிமாறுகிறவர் பெரிய ஓட்டலில் பயிற்சி எடுத்தவர். தட்டை ஏந்தி வந்து குனிந்து கேட்பார். வேண்டாம் என்றால் புன்னகையோடு நகர்ந்துவிடுவார். வாடிக்கையாளரை வற்புறுத்தக்கூடாது என்பது அவர் படித்த பாடம். எங்கள் பக்கத்தில் ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போன இடத்தில், முதல் தடவை கேட்டதும் கையை நீட்டுகிறவனுக்கு வேறு பெயர். கோபிச்செட்டிபாளையத்துப் பெண்கள் குழு ஒன்று வந்திருந்தது. அனூப் பழரசம் நீட்டினார். "இருக்கட்டுங்க" என்றார்கள். இறால் வறுவல் நீட்டினார். "எதுக்குங்க சிரமம்" என்றார்கள். அவரும் சிரமப்படுவதை நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். கடலைக்கூட யாரும் பார்க்கவில்லை. சமையற்காரர், என் பண்டத்தில் என்ன குறை என்று கீழே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். மேலே இவர்கள் பசியில் வாடிக்கொண்டிருக்கிறார்கள். அனூப்பைத் தனியே அழைத்துப்போய், இவர்களிடம் மூன்று தடவை கேட்க வேண்டும், அதற்கு மேல் கேட்காமலே தட்டில் வைத்துவிட வேண்டும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. போய் வைத்துப் பார்த்தார். தட்டுகள் காலியாயின. குழுவின் தலைவி என்னை ஓரமாக அழைத்துத் தன் மனக்குறையைச் சொன்னார்.

"ஒருக்காக் கேட்டுப்போட்டுத் தட்டத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க கண்ணு, பசியோட வந்த ஒறம்பரைய இப்புடியா கேப்பாங்க?"

மண்டியிலிருந்து வந்த மூட்டை

மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிக்காரர்கள் வந்தபோது, வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று நான் தொண்டை வறளக் கத்தியிருந்தேன். அவர்களும் ஒரு பொட்டலம்கூடக் கொண்டுவரவில்லை. ஆனால் பஸ்ஸின் அடிவயிற்றைத் திறந்து இரண்டு மூட்டைகளை இறக்கினார்கள். ஊட்டிக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், போதாததற்கு ஒரு கட்டு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும். அதைத் தோளில் சுமந்தபடி, வெள்ளைத் தோல் சோபாக்கள் போட்ட அந்தப் படகில் ஏற வந்துவிட்டார்கள்.

கேப்டன் குறுக்கே நின்றார். தொப்பி கழன்றது. நான் மொழிபெயர்ப்பாளராக நடுவில் நின்று, இது சட்டத்துக்கு விரோதம் என்று எடுத்துச் சொன்னேன். புதிதாக ஒரு இடத்துக்கு வரும்போது வெறுங்கையோடு எப்படி வருவது என்று அவர்கள் கேட்டார்கள். கேப்டன், உணவு உணவுதான் என்றார். கடைசியில் மூட்டைகளைப் படித்துறையிலேயே விட்டுவிட்டு ஏற ஒப்புக்கொண்டார்கள். அன்று மாலை ஜோஸின் ஸ்கூட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனதை நான் பார்த்தேன். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன். ஆனால் ஏறுவதற்கு முன் மண்டிக்காரரில் மூத்தவர் சொன்னதைக் கேப்டனுக்கு மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை.

"இது சாப்பாடு இல்லீங்க, சீருங்க."

வால்பாறை பஸ்

கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுப்பவர்களுக்காக எலுமிச்சம்பழமும் காகிதப் பைகளும் எப்போதும் என் தோள்பையில் இருக்கும். வால்பாறை எஸ்டேட் ஊழியர்கள் வந்த அன்று கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் போனதில் படகு ஏறி ஏறி இறங்கியது. எல்லோரும் உட்காருங்கள் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். ஒருவரும் உட்காரவில்லை. பஸ்ஸில் நிற்பது போல ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் டீ டம்ளரோடு, கூலியைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு குப்புறக் கிடந்தது நான்தான். ஒரு அம்மா வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"கொண்டை ஊசி வளைவுல வந்து போறவங்களுக்கு இது தார் ரோடுங்க அம்மணி, நீங்க மொதல்ல ஒருக்கா எங்கூருக்கு வந்துட்டுப் போங்க."

டிரைவர் சாப்பிடாத பந்தி

சீசனின் கடைசி ஞாயிறு. மழை தொடங்கிவிட்டால் படகைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அன்று சாயங்காலம் ஜோஸ் தன் முடிவைச் சொல்வதாக இருந்தது. காலையில் வீட்டுக்காரர் பஸ் வரைக்கும் வந்து, எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படி ஆறுதலாகச் சொன்னதே எனக்குச் சகுனம் சரியில்லை என்று பட்டது. இந்தப் பிழைப்பு எனக்குப் பிடித்துப்போயிருந்தது. கண்ணாடிக் கட்டடத்துக்குள் திரும்பிப் போய் அடையாள அட்டையை மாட்டிக்கொள்வதை நினைத்தாலே அழுகை வந்தது.

அன்றைய கூட்டம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள். கூட்டத்துக்குப் பெரியவர் பழனிச்சாமி அண்ணன். அவர் மனைவி சரஸ்வதி அக்கா. தங்கமான மனிதர்கள். செருப்பை ஜோடியாகவே விட்டார்கள். மூட்டை எதுவும் இல்லை. மதியம் நடுக்கூடத்தில் விருந்து பரப்பியாயிற்று. அனூப் மூன்று தடவை கேட்டார், நாலாவது தடவையும் கேட்டார். ஒருவர்கூடத் தட்டைத் தொடவில்லை. ஆறிப்போகிறதே என்று சமையற்காரர் கையைப் பிசைந்தார். என்ன குறை என்று நான் அக்காவிடம் கேட்டேன். குறை ஒன்றும் இல்லை, வண்டி ஓட்டுகிறவர் இன்னும் சாப்பிடவில்லையே என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பழனிக்குப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும், டிரைவரை முதலில் உட்காரவைத்து இலை போடுவார்கள். அவர் கை நனைக்காமல் வண்டியில் வந்தவர்களுக்குச் சோறு இறங்காது. கேப்டன் கரைக்குப் போனபிறகுதான் சாப்பிடுவார், வீட்டிலிருந்து நீல டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருக்கிறார், அதுதான் அவர் வழக்கம் என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்படியானால் நாங்களும் கரைக்குப் போயே சாப்பிட்டுக்கொள்கிறோம் என்றார் பழனிச்சாமி அண்ணன். கோபமாக இல்லை, மிக மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களை அசைக்கவே முடியாது.

நான் தடுப்பதற்குள் அக்கா எழுந்து நேராகக் கேப்டன் அறைக்கு நடந்தார். மூன்றாவது சட்டம் என்று பின்னாலேயே ஓடினேன். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

"ஏனுங்க, நான் உள்ள வரலீங்க. உங்க சட்டம் எனக்குத் தெரியுமுங்க. பொழுது உச்சி தாண்டிப்போச்சு, சாப்பிடாம ஓட்டறீங்களே, அதைக் கேக்கத்தான் வந்தனுங்க."

ஜோஸ் திரும்பிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்த மொத்தத் தென்னந்தோப்பையும் பார்த்தார். அவர் கை தொப்பிக்குப் போனது. முடிந்தது கதை, நாளைக்கே பழைய கம்பெனிக்குப் போன் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். தட்டவில்லை. அலமாரிமேல் வைத்தார். படகைக் கரைப்பக்கம் அலையடங்கின இடத்துக்குத் திருப்பி, நங்கூரம் போடச் சொன்னார்.

வெள்ளைச் சோபாவில் அவரை நடுவில் உட்காரவைத்து அக்கா பரிமாறினார். வேண்டாம் என்று அவர் முதல் தடவை சொன்னார். அதை யாரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் இரண்டு வாய் சாப்பிட்டதைப் பார்த்தபிறகுதான் பந்தி தொடங்கியது. அந்த நீல டிபன் பாக்ஸ் மட்டும் தனியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா விடிய எழுந்து செய்ததை வீணாக்கினால் பாவம் என்று அக்கா அதைத் திறந்தார். மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும். ஆளுக்கு ஒரு விரல் நுனி அளவு என்று படகு முழுக்கப் பிரசாதம் போலப் போனது. சமையற்காரரின் அத்தனை அயிட்டங்களையும் விட்டுவிட்டு எல்லோரும் அந்தக் குழம்பைத்தான் கேட்டார்கள். எனக்குச் சொட்டுகூட மிஞ்சவில்லை. ஜோஸ் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

படித்துறையில் எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து ஜோஸ் முன்னால் நின்றேன். செருப்புக் கூத்து முதல் இன்றைய நங்கூரம் வரைக்கும் எதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் காலி டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்து பார்த்தார்.

"அடுத்த சீசன் உங்க முதல் குரூப் எந்த ஞாயிறுன்னு முன்னாடியே பறயணும் மேடம், வீட்டில் பெரிய பாத்திரம் வாங்கணும்."

கடலைக் காட்டுகிறேன் என்று ஒரு சீசன் முழுக்க ஊர் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன், அந்தக் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், மீன்குழம்பு நல்லா இருந்ததுங்க என்கிறார்கள்.